ஒன்றே முக்கால் ரூபாயும் பத்து ரூபாயும்

(அருப்புக்கோட்டையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



‘இந்து’ பத்திரிகையின் வரலாறு பற்றிப் பேசணும்னு கேட்டிருந்தீங்க. ‘நம்மளப் பத்தி எழுதாத பத்திரிகையப் பத்தி நாம ஏன் பேசணும்?’னு ஒரு தோழர் வாசல்லயே மறிச்சுக் கேட்டார். நியாயமான கேள்விதான். அதுக்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்லத் தொடங்குகிறேன்.

எனக்குத் திருச்சுழி பக்கத்துல ஒரு கிராமம். பேர் வேண்டாம். திருச்சுழின்னா ரமண மகரிஷி பிறந்த ஊருன்னு பேப்பர்காரங்களுக்குத் தெரியும். அதுக்குத் தெக்கயும் கிழக்கயும் கருசக்காடு, சீமைக்கருவேல், கரிமூட்டம் எல்லாம் இருக்கிறது அவுங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி இல்ல. எங்க அய்யா கரிமூட்டம் போடுற ஆளு. ஊர்ல ஒரே டீக்கடை. உள்ள பெஞ்சு, பெஞ்சு மேல தினத்தந்தி. நாங்க நிக்கிறது வெளிய, கூரைத் தாழ்வாரத்துக்கு அங்கிட்டு. எங்களுக்கு வேற கிளாஸ். உள்ள ஒருத்தர் சத்தம் போட்டுப் படிப்பாரு, அதக் கேட்டுத்தான் எங்க ஆளுகளுக்கு நாட்டு நடப்பு. தேர்தல் முடிவு, கொலை, சினிமா எல்லாமே காதுல விழுந்ததுதான். நான் முதமுதல்ல கையில தொட்ட செய்தித்தாள் வடை மடிச்ச தாள். எண்ணெய் ஊறி பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரியும். ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாப் படிக்கப் பழகுனவன் நான்.

‘இந்து’வைப் பார்த்தது அருப்புக்கோட்டைக்குப் படிக்க வந்த பிறகு. ‘இந்து படிடா, இங்கிலீஷ் வரும்’ என்று ஒரு ஆசிரியர் சொன்னார். நல்ல மனுஷர். நூலகத்தில் மாடு மேய்க்கிற பயல் ஜமீன் பங்களாவுக்குள் நுழைந்தமாதிரி அதை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். இப்பவும் இங்கே இருக்கிற மாணவர்கள் பாதிப் பேர் போட்டித் தேர்வுக்காக அதைப் படிக்கிறீர்கள். படிங்க. ஆனா படிக்கிற பத்திரிகைக்கும் ஒரு சாதகம் உண்டு, பிறந்த நேரம் உண்டு. அதையும் சேத்துப் படிங்க.

1878. சென்னை உயர்நீதிமன்றத்தில் டி. முத்துசாமி அய்யரை நீதிபதியாக நியமிக்கிறார்கள். இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காருவதா என்று வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகள் எதிர்த்து எழுதின. அதற்குப் பதில் சொல்ல இந்தியர் கையில் பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் கூடினார்கள். ஜி. சுப்பிரமணிய அய்யர், எம். வீரராகவாச்சாரியார் இருவரும் ஆசிரியர்கள். மற்ற நால்வரும் சட்ட மாணவர்கள். கையில் காசில்லை. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதி அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20ஆம் தேதி ‘இந்து’ வாரப் பத்திரிகையாக வந்தது. விலை நாலணா. 1883இல் வாரம் மூன்று முறை. 1889 ஏப்ரல் 1 முதல் நாளிதழ்.

இந்தக் கதையை அவர்கள் ஆண்டுவிழா தோறும் சொல்லுவார்கள். சொல்லட்டும். நல்ல கதைதான். ஒன்றே முக்கால் ரூபாய்க் கடனில் ஒரு பத்திரிகை தொடங்கினவர்களை நான் கேலி செய்யமாட்டேன். நாமும் கடனில்தான் நடத்துகிறோம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. ஒரு சாதியைச் சேர்ந்த ஒரு படித்த மனிதருக்குக் கிடைத்த ஒரு உத்தியோகத்தைப் பிறர் பழித்தார்கள். அந்த வலி பத்திரிகையானது. அந்தப் பத்திரிகை தேசத்தின் குரலானது. ஒரு குழுவின் மனக்குறை ‘தேசிய’ மனக்குறையாக மாறுகிற ரசவாதம் இப்படித்தான் நடக்கிறது. 1885இல் பம்பாயில் காங்கிரஸ் கூடியபோது முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரே சுப்பிரமணிய அய்யர்தான்.

இப்போது பதினைந்து வருஷம் தாண்டி வாங்க. அதே சென்னை. 1893 அக்டோபர். இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்று ஒரு பத்திரிகை கொண்டுவருகிறார். நான்கு பக்கம், மாதம் ஒருமுறை, விலை இரண்டணா. தொடக்கச் செலவு பத்து ரூபாய். இரண்டே நாளில் ஏறக்குறைய 400 பிரதி சென்னையில் விற்றுப்போனதாக அவரே தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். 80 எங்கே, 400 எங்கே! அப்பவே வாசகன் இருந்திருக்கான் தோழர்களே. நம்ம ஆளு படிக்கமாட்டான்னு சொல்றவங்க வாயில இந்தக் கணக்கைப் போடுங்க. மூன்று மாதத்தில் அது வாரப் பத்திரிகையானது. பிறகு சொந்த அச்சுக்கூடமும் வந்தது.

பேரைக் கவனிங்க. அவர்கள் வைத்த பெயர் ‘இந்து’. எல்லோரையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு பெயர். இவர் வைத்தது வசைச் சொல்லாக மேலே வீசப்பட்ட பெயர். மறைந்து வாழ்கிறவன் வெளியே வரவேண்டும் என்றால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வரவேண்டும் என்று சீனிவாசன் நினைத்தார்.

அந்த வருஷம் சண்டையும் உத்தியோகம் பற்றியதுதான். ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்பது காங்கிரஸின் கோரிக்கை. ‘இந்து’வைத் தொடங்கியவர்கள் நின்ற அணியின் கோரிக்கை. கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் சீனிவாசன் எதிர்த்தார். இங்கேயே தேர்வு நடந்தால் கலெக்டர் நாற்காலியில் உட்காரப் போகிறவர் யார், அவரிடம் மனுவோடு நிற்கப் போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியும். 3,412 பேர் கையெழுத்து. மனுவின் நீளம் 112 அடி. லண்டனுக்குப் போனது. இதைத் தேசத் துரோகம் என்று எழுதினவர்கள் உண்டு, இன்றும் எழுதுகிறார்கள். நான் கேட்கிறேன்: 1878இல் ஒரு நீதிபதி நாற்காலிக்காகப் பேனா பிடித்தது தேசபக்தி என்றால், 1893இல் அந்த நாற்காலிக்குக் கீழே நிற்கப் போகிறவன் பேனா பிடித்தது எப்படித் துரோகம்?

‘பறையன்’ ஏழு வருஷம் நடந்தது. 1900இல் சீனிவாசன் கடல் கடந்தார், பத்திரிகை நின்றது. பிறகு 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். நான்கு பக்கம், வாரம் ஒருமுறை, பெயரிலேயே விலை. அடுத்த வருஷம் ‘தமிழன்’ ஆனது. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கின நம்ம சனம் அதைத் தாங்கிப் பிடித்தது. ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனது. 1914இல் பண்டிதர் மறைந்தார். அதன் பிறகு விட்டுவிட்டு வந்தது. நாளிதழ் ஆகவே இல்லை.

ஏன் ஆகவில்லை? இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. ‘சதி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போவது நம்ம மேடைகளில் வழக்கம். அது சோம்பேறித்தனம்.

‘இந்து’வும் சாகப் பார்த்த பத்திரிகைதான். சுப்பிரமணிய அய்யர் விதவையான தன் மகளுக்கு 1889இல் மறுமணம் செய்துவைத்தவர். சொந்தச் சாதியே அவரைத் தள்ளிவைத்தது. அந்த மனிதருக்கு என் வணக்கம். 1898இல் அவர் ‘இந்து’வை விட்டு விலகினார், தன் ‘சுதேசமித்திர’னோடு போனார். 1905இல் ‘இந்து’ விற்பனைக்கு வந்தபோது அது போய்க்கொண்டிருந்தது வெறும் 800 பிரதி. அதன் சட்ட ஆலோசகராக இருந்த கஸ்தூரி ரங்க அய்யங்கார் 75,000 ரூபாய்க்கு வாங்கினார். 1905இல் 75,000! எங்க தாத்தா காலத்துல ஒரு நாள் கூலி அணாக் கணக்கு. சந்தாவை முன்கூட்டியே வாங்கு, விளம்பரத்துக்கு ஒழுங்கான கட்டணம் வாங்கு என்று அவர் பத்திரிகையைக் கட்டினார். அதன் சந்தாதாரர் யார்? வக்கீல், தாசில்தார், ஜட்ஜு, மிராசுதார், கல்லூரி வாத்தியார். மாதாமாதம் கையில் காசு புரள்கிறவர்கள். அவர்களிடம் விற்கச் சரக்கு வைத்திருப்பவன் விளம்பரம் கொடுக்கிறான். 800 பிரதிக்கு இறங்கினாலும் பத்திரிகையைத் தூக்கிவிட ஒரு பணக்கார வக்கீல் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்தார். ‘தமிழ’னைத் தாங்கினவன் சுரங்கத் தொழிலாளி. அவனிடம் விற்க யாரிடமும் சரக்கு இல்லை. பண்டிதர் போனபோது 75,000 ரூபாயோடு யாரும் வரவில்லை. இதில் எழுத்துக் குறை எங்கே இருக்கிறது? பண்டிதர் எழுதின பக்கங்களைப் படித்துவிட்டு யாராவது சொல்லட்டும்.

அதே 1905இல் அமெரிக்காவில் ராபர்ட் அபாட் என்ற கறுப்பர் சிகாகோ நகரத்தில் ‘டிஃபெண்டர்’ தொடங்கினார். முதலீடு 25 சென்ட், 300 பிரதி, இடம் வீட்டுக்காரம்மாவின் சமையலறை மேசை. தெற்கு மாநிலங்களில் வெள்ளையர்கள் அந்தப் பத்திரிகையை நுழையவிடவில்லை. ரயிலில் படுக்கை விரிக்கிற கறுப்புத் தொழிலாளர்கள் மூட்டைக்குள் மறைத்து எடுத்துப்போய் ஊர் ஊராக இறக்கினார்கள். அப்படிக் கைமாறிப் போன பத்திரிகை பிறகு நாளிதழே ஆனது. 2019இல்தான் அச்சில் வருவதை நிறுத்தியது. விநியோகம் என்றால் வண்டியும் விமானமும் மட்டுமில்லை. ‘இந்து’ 1963இல் சொந்த விமானம் வைத்துக் கட்டு இறக்கியது. நம்மகிட்ட பஸ் கண்டக்டர் இருக்கார், துப்புரவுத் தொழிலாளி இருக்கார், ஸ்கூல் டீச்சர் இருக்கார். யோசிக்கணும்.

தூரம் எதுக்கு? இதே அருப்புக்கோட்டையில் இருந்துதான் ‘நாடார் குல மித்திரன்’ வந்தது, 1919லிருந்து. கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்காடித் தோற்ற ஒரு சமூகம், பள்ளிக்கூடம் கட்டி, மகமை போட்டு, பத்திரிகையும் நடத்தியது. அந்தச் சமூகத்தில் பிறந்த ஆதித்தனார் 1942இல் மதுரையில் ‘தினத்தந்தி’ தொடங்கி டீக்கடை பெஞ்சையே பிடித்தார். பெஞ்சைப் பிடித்தது சரி. பெஞ்சுக்கு வெளியே நின்றவன் கதை அதற்குள் எவ்வளவு வந்தது என்பது வேறு கேள்வி. அதை இன்னொரு நாள் பேசலாம்.

எங்க ஊர்க் கதைக்கு வாரேன். தொண்ணூறுகளின் தொடக்கம். ஊருணியில எங்க பெண்கள் குடம் வச்சதில ஆரம்பிச்சது. ராத்திரி எங்க தெருவுக்குள்ள வந்தாங்க. நாலு வீட்டுக் கூரை எரிஞ்சுச்சு, என் சித்தப்பாவுக்குக் கை ஒடிஞ்சது. காலையில ஒரு தமிழ் நாளிதழோட நிருபர் வந்தார். எங்க தெருவுக்கு வரல. பெரிய வீட்டுத் திண்ணையில உக்காந்தார், மோர் குடிச்சார், போனார். மறுநாள் நாலு வரி. ‘இரு பிரிவினரிடையே மோதல், 9 பேர் கைது.’ அந்த 9 பேர்ல 7 பேர் எங்க ஆளு. கூரை எரிஞ்சவனும் மோதினவன், கூரையை எரிச்சவனும் மோதினவன்!

மனு எழுத வக்கீலிடம் போனோம். ‘பேப்பர் கட்டிங் இருக்கா?’ என்றார். இருந்தது அந்த நாலு வரிதான். அதை இணைத்தால் எங்க வழக்கே போச்சு. இணைக்காவிட்டால் ஆதாரம் கேட்கிறார்கள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: பத்திரிகைங்கிறது படிச்சுட்டு மடிக்கிற தாள் இல்ல, அது சாட்சி. கோர்ட்டுக்குச் சாட்சி, கமிஷனுக்குச் சாட்சி, நாளைக்கு வரலாறு எழுதுகிறவனுக்கும் சாட்சி. 1957 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்ட பிறகு இந்தச் சீமை பற்றி எரிந்ததை ஆராய்கிறவர்கள் போலீஸ் ஆவணத்தையும் அன்றைய நாளிதழ்க் கட்டுகளையும்தான் புரட்டுகிறார்கள். எங்க அப்பத்தா அந்த நாட்களில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்மாய்க்கரை உடைமரத்துக்குள் ஒளிந்திருந்த கதையைச் சாகும்வரை சொன்னாள். அது எந்தக் கட்டிலும் இல்லை.

இன்னொரு அனுபவமும் சொல்லணும், நேர்மைக்காக. கலெக்டர் ஆபீஸில் தமிழ்ப் பேப்பர் கட்டிங்கோடு போனால் மனு மேசையில் தூங்கும். ‘இந்து’ கட்டிங்கோடு போனால் மணி அடித்து ஆளைக் கூப்பிடுவார்கள். ஏனென்றால் அதை மேலே இருப்பவர் படித்திருப்பார், டெல்லியில் இருப்பவர் படித்திருப்பார். அந்தக் குழுமத்தின் ‘ஃபிரண்ட்லைன்’ 1984இல் தொடங்கியது. கொடியங்குளம், மேலவளவு, தாமிரபரணி, பாப்பாபட்டி, கீரிப்பட்டி எல்லாவற்றையும் எஸ். விஸ்வநாதன் அதில் விரிவாக எழுதினார். அவர் கட்டுரைகள் 2005இல் நூலாகவும் வந்தன. அவற்றை நாம் நகலெடுத்துக் கூட்டங்களில் விநியோகித்தோம். இதை மறைத்துவிட்டு ‘மவுண்ட்ரோடு மகாவிஷ்ணு’ என்று பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் விஸ்வநாதன் எழுதினார் என்பது வேறு. நாம் எழுதினோம் என்பது வேறு. நம்மைப் பற்றி எழுதப்படலாம், எழுதுகிற மேசையில் நமக்கு இடம் இருக்கிறதா?

1996இல் டெல்லியில் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஒருவர், அவரே ஒரு கறுப்பர், பி.என். உனியால் என்ற மூத்த பத்திரிகையாளரிடம் போன் செய்து, ஒரு தலித் பத்திரிகையாளரின் கருத்து வேண்டும், யாரையாவது சொல்லுங்கள் என்று கேட்டார். 30 வருஷத் தொழிலில் ஒரு தலித் பத்திரிகையாளரைக்கூடத் தான் சந்தித்ததில்லை என்று உனியாலுக்கு அப்போதுதான் உறைத்தது. அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேர் பட்டியலை எடுத்துத் தேடினார். ஒருவரும் அகப்படவில்லை. அந்த நவம்பரில் ‘பயனியர்’ பத்திரிகையில் அதை எழுதினார். 2006இல் டெல்லியில் 37 ஊடகங்களின் முடிவெடுக்கிற இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். தலித், பழங்குடி ஒருவரும் இல்லை. 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டிரியும் எடுத்த கணக்கில் 121 தலைமைப் பதவிகளில் 106 உயர்சாதியார் கையில். நம் ஆள் பூஜ்யம். 2012இல் ராபின் ஜெஃப்ரி இதைப் பற்றி எழுதின கட்டுரையை ‘இந்து’வே வெளியிட்டது. வெளியிடத் தயங்கவில்லை. அதுதான் வேடிக்கை. 2014இல் அதே அலுவலகத்தில் உணவுக்கூடத்துக்குள் அசைவம் கொண்டுவரக் கூடாது, பெரும்பான்மையான சைவ ஊழியர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று சுற்றறிக்கை வந்தது. தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பெரும்பான்மை அது? எங்க அம்மா கருவாட்டுக் குழம்பு கட்டிக் குடுத்தா அதைத் தூக்கிக்கிட்டு நான் எந்த மரத்தடிக்குப் போறது?

அம்பேத்கர் இதை நாற்பதுகளிலேயே சொன்னார். செய்தி நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள் சென்னைப் பார்ப்பனர்கள், காங்கிரஸுக்கு ஆகாத செய்தி அவர்களைத் தாண்டி வெளியே வராது என்று. அதனால்தான் 1920லேயே ‘மூக்நாயக்’ தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று அர்த்தம். காசு கொடுத்து விளம்பரம் போடுகிறோம் என்றுகூடக் கேட்டுப் பார்த்தார்கள். திலகரின் ‘கேசரி’ அதையும் மறுத்தது.

கடைசியாக, காகிதக் கட்டுகளைப் பற்றி. ‘இந்து’வின் பழைய இதழ்களை நூலகங்களில், நுண்படச் சுருள்களில் வருஷக்கணக்காகப் புரட்டலாம். ‘பறையன்’ எப்படிக் கிடைக்கிறது தெரியுமா? வெள்ளைக்கார அரசு உள்நாட்டுப் பத்திரிகைகளைக் கண்காணித்து ஆங்கிலத்தில் குறிப்பெடுத்து வைத்தது. அந்த உளவுக் குறிப்புகளில் துண்டு துண்டாகக் கிடைக்கிறது. நம் பாட்டன் தமிழில் எழுதினதை நாம் போலீஸ் ஆங்கிலத்தில் படிக்கிறோம். ‘தமிழன்’ தப்பியது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் பொத்திப் பாதுகாத்த கட்டுகள் இருந்தன. அதனால்தான் ஞான. அலாய்சியஸ் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து பண்டிதரின் எழுத்துகளைத் தொகுத்துக் கொண்டுவர முடிந்தது.

போன மாசம் அருப்புக்கோட்டையில ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தேன். இங்கிலீஷ் பேப்பருக்கு ஒரு விலை, தமிழ்ப் பேப்பருக்கு அதவிடக் குறைச்சல். ஒரு மூலையில நம்ம இதழ் கிடந்துச்சு. தொண்ணூறுகள்ல வந்தது. எடைக்கு என்ன விலைன்னு கேட்டேன். ‘அண்ணே, அது சின்ன தாளு, பொட்டலம் மடிக்கக்கூட ஆகாது, சும்மா எடுத்துட்டுப் போங்க’ன்னார் கடைக்காரர். யார் வீட்டுல இருந்து வந்துச்சுன்னு கேட்டேன், தெரியலன்னுட்டார். பதினோரு இதழ். இந்தா, இந்த மேசையிலதான் வச்சிருக்கேன். நடுவுல மூணாவது இதழும் எட்டாவது இதழும் இல்ல. உங்க யார் வீட்டுப் பரணிலயாவது, டிரங்குப் பெட்டியிலயாவது கிடந்தா பஸ் செலவு நான் தாரேன், கொண்டாங்க.